செம்மண்ணும் கல்லும் உள்ள ஊரைத் தினமும் வரைவது

"ஒரு கிராமம் வரை" என்று சொன்னால் தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையும் ஒரே படத்தைத்தான் வரையும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை, வளைந்து வரும் வாய்க்கால், மிச்சமெல்லாம் பச்சை. பெரியவர்கள் வாட்டர்கலர் வாங்கி உட்கார்ந்தாலும் கை அதே படத்துக்குத்தான் போகிறது. காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். நான் இருப்பது தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில். எங்கள் பக்கம் வருஷத்தில் பாதி நாள் பச்சை கண்ணில் படாது. செம்மண், கல், காய்ந்த புல், கரடு என்கிற சின்னப் பாறைக் குன்று, அங்கங்கே கறுப்பாக நிற்கும் புளியமரம், கிணறு இருக்கிற இடத்தில் மட்டும் சதுரமாக ஒரு தக்காளித் தோட்டமோ சாமந்திக் கொல்லையோ (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் கொல்லை என்போம்). இதை வரைய யாரும் சொல்லித் தருவதில்லை. தினமும் காலையில் போய் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில வருஷமாக அதைத்தான் செய்கிறேன். இந்த மாதிரி வறண்ட ஊரில் இருந்துகொண்டு "இங்க வரைய என்ன இருக்கு" என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள் இல்லை. ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், பத்து மணிக்குப் போனால் போதும். காலையில் ஆறேகாலுக்கு ஸ்கூட்டியை எடுத்தால் ஏழரைக்குத் திரும்பிவிடுவேன், அந்த நேரத்துக்குள் அடுப்பை அத்தை பார்த்துக்கொள்வார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தினமும் வரைய வேண்டும் என்றால் முதலில் வீட்டில் பேசி ஒரு நேரத்தை வாங்கிவிட வேண்டும், மனசு வரும்போது போகலாம் என்று விட்டால் மனசு வரவே வராது. எனக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். போகவர ஆகும் நேரத்தைக் கழித்தால் அவ்வளவுதான் மிஞ்சும், அது போதும். சொல்லப்போனால் அதற்கு மேல் வேண்டியதில்லை, ஏனென்றால் வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும், ஏழு மணிக்குப் போட்ட நிழலுக்கும் எட்டு மணிக்குப் போடும் நிழலுக்கும் சம்பந்தமே இருக்காது.

அதனால் அளவு சின்னதாக இருக்கட்டும். போஸ்ட்கார்டு அளவு, மிஞ்சிப்போனால் ஏ5. சின்னத் தாளில் ஓடு ஓடாக, இலை இலையாக வரைய முடியாது, எது முக்கியம் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். தினசரிப் பயிற்சியில் உண்மையான பயிற்சியே இந்த முடிவெடுப்பதுதான். முதல் ஐந்து நிமிடம் பென்சிலில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சட்டம் போட்டு, அதில் இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று மட்டும் தீட்டிக்கொள்வேன். இருட்டு மூன்று இடத்தில் சிதறிக் கிடந்தால் அன்றைக்குப் படம் நிற்காது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வேறு கோணம் பார்ப்பேன். இருட்டெல்லாம் சேர்ந்து ஒரே உருவமாக வந்தால் பாதி வேலை முடிந்தது.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஒரு தகர டப்பா, அதில் ஆறு வண்ணம்: அல்ட்ராமரைன் ப்ளூ (ஆழ்ந்த நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), லெமன் யெல்லோ, கிரிம்சன் (அடர் சிவப்பு), செருலியன் ப்ளூ (வான நீலம்). கறுப்பு வேண்டாம், வெள்ளையும் வேண்டாம், டியூபில் வரும் பச்சை கண்டிப்பாக வேண்டாம். எட்டாம் நம்பர் உருண்டை பிரஷ் ஒன்று, முக்கால் அங்குலப் பட்டை பிரஷ் ஒன்று. பழைய வேட்டித் துணி, இரண்டு கிளிப், ஒரு அட்டை, தண்ணீருக்கு இரண்டு பாட்டில். மேசையும் ஸ்டாண்டும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், மடி போதும். காசு போட வேண்டிய இடம் தாள். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), முடிந்தால் பருத்தித் தாள். மெல்லிய டிராயிங் தாளில் தண்ணீர் பட்டதும் அப்பளமாக மடங்கிவிடும், புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அதைப் பார்த்துத் தனக்குக் கை வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கையில் குறையில்லை, தாளில்தான் குறை. ஒரு முழுத்தாள் வாங்கிப் பதினாறாகக் கிழித்தால் பாதி மாதம் ஓடும்.

வெளியில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைவது என்பதே டியூப் வந்த பிறகுதான் சுலபமானது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மெல்லிய உலோகத்தில் பிதுக்கும் டியூபைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துப் போவார்களாம், ஓட்டை போட்டுப் பிதுக்கினால் மீதி காய்ந்து போகும். பிரெஞ்சு ஓவியர் மோனே மாதிரியானவர்கள் கொல்லை மேட்டிலேயே உட்கார்ந்து வரைய அந்த டியூபும் ஒரு காரணம். 1890-91இல் அவர் தன் வீட்டுப் பக்கத்தில் இருந்த வைக்கோல் போர்களையே திரும்பத் திரும்ப வரைந்தார், கிட்டத்தட்ட இருபத்தைந்து ஓவியம். வெளிச்சம் மாறினால் அந்தக் கித்தானை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாராம். இதை நான் அப்படியே எங்கள் ஊருக்கு எடுத்துக்கொண்டேன். ராகி அறுத்துக் களத்தோரம் போர் போட்டால் தை, மாசி வரைக்கும் அது நிற்கும், மாட்டுக்குப் பிடுங்கப் பிடுங்க ஒரு பக்கம் குழிந்துகொண்டே வரும். அதே போரை ஒரு மாதம் வரைந்தேன். காலை ஆறரைக்கு அது நீலம் கலந்த பழுப்பு, ஏழுக்கு ஓரம் மட்டும் தங்க நிறம், பனி இறங்கிய நாளில் பின்னால் இருக்கும் கரடு காணாமல் போய்ப் போர் மட்டும் தனியாக நிற்கும். புது இடம் தேடி ஓடுவதைவிட ஒரே இடத்தில் உட்காருவது எவ்வளவோ கற்றுத் தருகிறது. இடம் மாறாதபோதுதான் வெளிச்சம் மாறுவது தெரியும்.

இப்போது நிறம். இதில்தான் எங்கள் மாவட்டம் மற்ற இடத்திலிருந்து வேறுபடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி முழுக்கப் பாறைதான். பார்த்ததும் சாம்பல் என்று தோன்றும், கறுப்பைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் சிமென்ட் சுவர் மாதிரி வரும். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்து பாருங்கள். நீலம் கூடினால் நிழல் பக்கத்துப் பாறை, சியன்னா கூடினால் வெயில் பட்ட பாறை. அல்ட்ராமரைனுக்கு ஒரு குணம் உண்டு, அதன் துகள்கள் தாளின் குழிகளில் போய்த் தங்கும், காய்ந்த பிறகு பொரிப்பொரியாகத் தெரியும். மற்ற இடத்தில் சிலருக்கு அது பிடிக்காது, பாறைக்கு அதுதான் வேண்டும். தண்ணீர் நிறைய விட்டு ஒரே வீச்சில் பூசிவிட்டுத் தொடாமல் விட்டுவிட்டால் போதும், கல்லின் சொரசொரப்பு தானே வந்துவிடும். மழைத் தண்ணீர் வழிந்த இடத்தில் பாறை முகத்தில் கறுப்புக் கோடுகள் நெடுக்காக இறங்கியிருக்கும், அவற்றை ஈரம் இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும்.

மண்ணுக்கு பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும். உழுத கொல்லை ஒரு நிறம், உழாத கொல்லை ஒரு நிறம், மழை பெய்த மறுநாள் வேறு நிறம். ஈர மண்ணுக்குக் கொஞ்சம் கிரிம்சன் சேர்ப்பேன். வெயிலில் கிடக்கும் செம்மண்ணில் விழும் மர நிழல் கறுப்பு இல்லை, நன்றாகப் பாருங்கள், அது கத்தரிப்பூ நிறம். அந்த நிழலைச் சரியாகப் போட்டுவிட்டால் படத்தில் வெயில் அடிக்கும்.

பச்சை கடைசியில் வருகிறது, குறைவாக இருப்பதால் அதற்கு மரியாதை அதிகம். புளியமரத்துக்கு ஓக்கரும் அல்ட்ராமரைனும், மங்கலான கனத்த பச்சை. பங்குனியில் ஊரே காய்ந்து கிடக்கும்போது புங்க மரம் மட்டும் தளிர் விட்டு நிற்கும், அதற்கு லெமன் யெல்லோவில் துளி செருலியன். மாந்தோப்பைப் பச்சை என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். தளிர் விடும்போது மாமரம் செம்பு நிறம், தையில் பூவெடுத்தால் மேலே சந்தன நிறத்தில் ஒரு பூச்சு, பச்சை அடியில் நிழலில்தான் இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் மைல் கணக்கில் மாந்தோப்பு இருப்பதால் தை, மாசியில் அந்தச் சந்தன நிறத்தைப் பிடிக்கிறதுதான் எனக்கு வருஷத்தின் பெரிய வேலை. அதே சமயம் கரட்டில் புரசு பூக்கும், இலையே இல்லாமல் ஆரஞ்சு நிறத்தில். அதை மட்டும் தாளில் வெள்ளையாக விட்டு வைத்துக் கடைசியில் சுத்தமான பிரஷ்ஷால் போட வேண்டும், மேலே பூசினால் எடுபடாது.

ராகிக் கொல்லைக்கு ஒரு தனி வரி எழுதியே ஆக வேண்டும். கார்த்திகையில் கதிர் முற்றும்போது கீழே தண்டு பச்சையாகவும் மேலே கதிர் பழுப்பாகவும் இருக்கும், காற்று அடித்தால் இரண்டும் மாறி மாறித் தெரியும். முதலில் பச்சையைப் பூசி, அது முக்கால் பாகம் காய்ந்ததும் ஓக்கரும் சியன்னாவும் கலந்த கெட்டிக் குழம்பைப் பட்டை பிரஷ்ஷால் படுக்கையாக இழுத்தால் அந்த அசைவு வந்துவிடும்.

வெயில் வேலையைக் கெடுக்கவும் செய்யும், சொல்லித் தரவும் செய்யும். சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்கே பிரஷ் வைத்த இடம் வைத்தபடி காய்ந்துவிடும், வானத்தைப் பூசிப் பாதியில் வரும்போது மேல் பாதி காய்ந்து கோடு விழுந்திருக்கும். அதற்கு ஒரு வழி, தாளின் பின்பக்கத்தையும் நனைத்துப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டினாற்போல் வைத்து வரைவது. அரை மணி நேரம் ஈரம் நிற்கும். மார்கழியில் நேர் எதிர். ராயக்கோட்டை, தளிப் பக்கம் பனியில் தாள் காயவே காயாது, அப்போது தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கலக்க வேண்டும், அல்லது அன்றைக்குப் பென்சிலோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த மாதமானாலும் தாள் நிழலில் இருக்க வேண்டும். வெயில் நேராகத் தாளில் விழுந்தால் கண் கூசி, பூசும் நிறமெல்லாம் வெளிறியது மாதிரித் தெரியும், நாமும் கனமாகப் பூசிவிடுவோம், வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். குடை கொண்டுபோவதானால் கறுப்புக் குடையோ சாம்பல் குடையோ. சிவப்புக் குடைக்குக் கீழே உட்கார்ந்தால் தாள் முழுக்கச் சிவப்பு அடிக்கும்.

தூரத்து மலை எவ்வளவு நீலம் என்பது அன்றன்றைய காற்றைப் பொறுத்தது. கோடையில் புழுதியும் புழுக்கமுமாக இருந்தால் ராயக்கோட்டை மலையே வெறும் கறை மாதிரிதான் இருக்கும். ஐப்பசி மழை விட்ட காலையில் அதே மலை பக்கத்து வீட்டுக் கொல்லையில் நிற்கிறது போலத் துல்லியமாக இருக்கும். அந்த மலையை நான் மட்டும் வரையவில்லை. 1792இல், திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு, தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் பாராமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தப் பகுதிக்கு வந்து மலைக்கோட்டைகளை வரைந்தார்கள், ராயக்கோட்டையையும்தான். பிறகு லண்டனில் அவற்றை அச்சுப் படங்களாக வெளியிட்டார்கள். இணையத்தில் தேடினால் பார்க்கலாம், பார்த்துவிட்டு அதே மலை முன்னால் உட்காருங்கள். அவர்கள் நாட்டு வானத்தையும் எங்கள் வானத்தையும் ஒப்பிடுவதற்கே ஒரு காலை போதாது. ரொம்பப் பழையதைப் பார்க்க வேண்டும் என்றால் பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன, வெள்ளை நிறத்தில் வரைந்தவை. இந்த மண்ணில் வரைய ஒன்றும் இல்லை என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

ஆடு மாடு வரைவது பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். கட்டிய மாடு நான்கைந்து நிலையில்தான் நிற்கும், திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வரும். ஒரே தாளில் நான்கு மாட்டை ஆரம்பித்து வையுங்கள், அது திரும்பும்போது நாமும் அடுத்த உருவத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம். முதுகுக் கோடும் இடுப்பெலும்பும் சரியாக வந்தால் கால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மாடு நிற்கும். ஆடு அப்படி இல்லை. ஆட்டுக்குக் காத்திருக்க முடியாது, பார்த்துப் பார்த்து மனசில் பதியவைத்து நினைவிலிருந்து போட வேண்டியதுதான்.

மனிதர்கள் விஷயம் நிறத்தைவிட முக்கியம். எங்கள் பக்கம் கொல்லையோரம் ஒருத்தி அட்டையும் தாளுமாக உட்கார்ந்திருந்தால் முதலில் வருவது சந்தேகம். 2018இல் சேலம்-சென்னை எட்டுவழிச் சாலைக்கு அரூர்ப் பக்கம் நிலம் அளக்க வந்தது யாருக்கும் மறக்கவில்லை, அதுபோகக் குழாய், தொழிற்பேட்டை என்று ஏதாவது ஒரு பேச்சு இருந்துகொண்டே இருக்கும். ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, அளக்க வந்திருக்கியா? எந்த ஆபீசு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. யாருடைய நிலத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறோமோ அவர்களிடம் முதலில் போய்ப் பெயர், ஊர், யார் வீட்டுப் பெண் என்று சொல்லிவிட வேண்டும். வரைந்ததைக் காட்ட வேண்டும். அன்றைக்கு அவரிடம் தாளைக் காட்டியதும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கெணத்துக்கு அந்தாண்ட ஒரு வேம்பு இருக்குதும்மா, அத உட்டுட்ட" என்றார். உண்மையில் அந்த வேம்பு இடப்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியது. கொல்லைக்காரருக்குத் தன் கொல்லையின் அமைப்பு நமக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும்.

களை எடுக்கும் பெண்களைப் போட்டோ எடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், கேட்காமல் எடுப்பது மரியாதையும் இல்லை. வரைவதற்கு அவ்வளவு மறுப்பு வருவதில்லை, ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் வரைவேன். "இந்த வெயில்ல கருத்துப் போயி கெடக்கறோம், எங்கள என்ன கண்ணு எழுதறது" என்று ஓர் ஆயா சொன்னார், சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். குனிந்து நிமிர்வதில் ஒரு தாளம் இருக்கிறது, அதைப் பிடிக்கும் வரை பிரஷ்ஷைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். முகம் வரைய வேண்டியதில்லை, சேலை நிறமும் முதுகு வளைவும் போதும், பக்கத்துக் கொல்லைக்காரர் பார்த்தவுடன் யாரென்று சொல்லிவிடுவார்.

பெண்களுக்கு மட்டும் சில வார்த்தை. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் உட்காருங்கள்: கோயில் திண்ணை, பால் ஊற்றும் இடம், பம்பு செட்டுப் பக்கம். போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரோ மரமோ இருந்தால் பின்னால் யாரும் நின்று தொந்தரவு செய்ய முடியாது. ஒரே இடத்துக்குத் தொடர்ந்து போவதில் இன்னொரு லாபமும் உண்டு, ஒரு வாரத்தில் அந்த இடத்து ஆட்கள் நம்மை அவர்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொள்வார்கள். டீ வரும், நுங்கு வரும், விசேஷ வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்.

எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பக்கம் ராகி முற்றும் மாதங்களில் யானைக் கூட்டம் வரும், பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வருகிறது. பனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. அந்த மாதங்களில் அங்கே விடியற்காலையில் போகக் கூடாது, வெயில் ஏறிய பிறகு, உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்துவிட்டு ரோட்டோரமாக உட்காரலாம். காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகவே கூடாது. மற்ற இடத்தில், கல்லில் உட்காரும் முன் அடியில் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், புளியமரத்தடியில் சிவப்பெறும்பு இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

எல்லா நாளும் படம் நன்றாக வராது, வர வேண்டியதும் இல்லை. மழை நாளில் வாசல் திண்ணையிலிருந்து எதிர்வீட்டு ஓட்டுக் கூரையை மட்டும் வரைவேன். காய்ச்சல் வந்தால் ஜன்னல். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் தேதி, மணி, இடம், வானம் எப்படி இருந்தது, என்னென்ன வண்ணம் கலந்தேன் என்று பென்சிலில் எழுதிவிடுவேன், பேனா மை ஈரம் பட்டால் முன்பக்கம் ஊறிவிடும். போன வருஷ மாசியில் மாம்பூவுக்கு என்ன கலந்தேன் என்று இந்த வருஷம் தேட வேண்டியதில்லை. முடிந்தவற்றை மாதம் மாதமாகப் பிரித்துக் காகித உறையில் போட்டு, உறைக்கு மேல் தமிழ் மாதத்தின் பெயரை எழுதி, பீரோவின் மேல் தட்டில் படுக்க வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஐப்பசியில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். யார் கொல்லையை வரைந்தேனோ அவர்கள் கேட்டால் அந்தப் படத்தைக் கொடுத்துவிடுவேன், கொடுக்கும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பின்பக்கக் குறிப்பையும் சேர்த்து.